ஸ்டேசன் மாஸ்டரின் பூச்சட்டிகளில் கொசு

வாழைச்சேனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் ஸ்டேசன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அங்கே மாஸ்டராக இருந்தவர் இராசதுரை. சட்டென்று கோபம் வரும் மனிதர். பூக்கன்று என்றால் மட்டும் குழைந்துவிடுவார். அந்த இடத்து மண் வெறும் உப்பு மணல். நட்டதெல்லாம் கருகிப் போனதால் வயல் வட்டையிலிருந்து வண்டல் எடுப்பித்துச் சட்டிகளில் நிரப்பி, மேடை ஓரத்தில் குரோட்டனும் ரோசாவும் வளர்த்தார். கண்டியிலிருந்து ஒரு சிநேகிதர் ரயிலில் அனுப்பிய பெகோனியாதான் அவருடைய பெருமை.

முதலில் இலைகளின் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைப் பூச்சி பிடித்தது. புகையிலை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தார். அது ஒருவாறு அடங்கிய பிறகு கொசு வந்தது. இரத்தம் குடிக்கும் நுளம்பு அல்ல, கடிக்காத, கறுத்த, பொடிக் கொசு. சட்டி மண்ணிலிருந்து எழும்பி மூக்கில் ஏறியது. டிக்கட் கொடுக்க வாய் திறந்தால் வாய்க்குள் போனது. தேத்தண்ணீர்க் கோப்பையில் மிதந்தது.

கொழும்புக்கு மீன் அனுப்பும் அசனாரின் கூடைகள்மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"அசனார், உங்கட மீன் தண்ணி வடிஞ்சுதான் இந்தக் கரைச்சல்."

"மீனுக்கு ஈ, இலையான்தான் வரும் ஐயா. இது வேற சாதி. சரி, கூடைய அங்கால வெக்கிறன். மறுகா பாப்பம்."

கூடைகள் மேடையின் மறுகோடிக்குப் போயின. கொசு போகவில்லை. அசனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது இராசதுரைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போர்ட்டர் தங்கராசா வேப்பிலைப் புகை போட்டான். காற்றுத் திரும்பி, புகை முழுவதும் நின்றிருந்த ரயிலுக்குள் புகுந்தது. பிரயாணிகள் இருமிக்கொண்டே ஏசினார்கள். கடைசியில், ஆத்திரத்தில், இராசதுரை மண்ணெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கிப் பெகோனியாச் சட்டிக்குள் ஊற்றினார். கொசு எழும்பிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பெகோனியாவின் தண்டு அடியில் கறுத்துச் சரிந்தது.

"வேரில மண்ணெண்ணெய் ஊத்தினா எந்தக் கன்றுதான் நிக்கும்?" என்றாள் மனைவி அன்னப்பூரணி.

அவர் சட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். மண் சேறாய் விழுந்தது. எண்ணெய் நாற்றத்தையும் மீறிப் புளித்த வாடை. அழுகிய வேர்களுக்கிடையில் நூல் நூலாக வெண்புழுக்கள்.

"இதுதான் கொசுவாகுது! ஆர் இவ்வளவு தண்ணி ஊத்தினது?"

"காலையில நான் ஊத்துறன் ஐயா," என்றான் தங்கராசா. "உங்களுக்கு வேலை கூட எண்டு."

"பின்னேரம் நான் ஊத்துறன்," என்றாள் அன்னப்பூரணி. "அவன் எங்க ஊத்தப் போறான் எண்டு நினைச்சன்."

இராசதுரை குனிந்து சேற்றைக் கிளறத் தொடங்கினார். மத்தியான ரயில் போனதும் சட்டிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது அவருடைய வழக்கம்.

அன்றிலிருந்து தண்ணீர் அன்னப்பூரணியின் பொறுப்பு மட்டுமே. அதுவும் விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால். மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுக் காய்ந்த குறுமணல் பரப்பினார்கள். கொசு குறைந்தது. தொல்லை விட்டது என்று அவர் மூச்சு விடுவதற்குள் மாரி பிடித்தது. மேடைக் கூரை ஒழுகி, சட்டிகள் நிரம்பி, மீண்டும் கொசு. ஒவ்வொரு சட்டியாக அவரே வீட்டுக்குள் சுமந்தார்.

"மனிசர் படுக்கிற இடமா, சட்டி படுக்கிற இடமா இது?" என்றாள் அன்னப்பூரணி.

"ரெண்டும் படுக்கட்டும்!"

உள்ளே இருட்டில் வெள்ளைப் பூச்சி திரும்பி வந்தது. முணுமுணுத்தபடி மறுபடியும் இலை துடைத்தார். மழை விட்டு வெயில் ஏறியபோது கொசு ஒழிந்தது. மிஞ்சியவை குரோட்டன்களும் ஒரேயொரு ரோசாவும்.

அடுத்த வருடம் சிநேகிதர் இன்னும் இரண்டு பெகோனியா அனுப்பினார். இராசதுரை ரயிலிலிருந்து அவற்றை இறக்கவே விடவில்லை. மட்டக்களப்பில் விரும்புகிற யாருக்காவது கொடுக்கும்படி ரயில் கார்டிடம் சொல்லிப் பச்சைக்கொடி காட்டினார். புதுக் கன்றுகளுக்கென்று இரண்டு சட்டியில் வண்டல் நிரப்பி வைத்திருந்த அன்னப்பூரணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.