ஜோதிமணி சார் கேட்ட இரண்டு கேசட்டுகள்

ஜோதிமணி சார் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் ஸ்டான்லி தொலைபேசியில் சொன்னபோது, "நிச்சயமாகவா? டாக்டர் வந்து பார்த்தாரா?" என்றுதான் முதலில் கேட்டேன். கேட்ட பிறகு கூச்சமாக இருந்தது. ஸ்டான்லி வருத்தப்படவில்லை. "அப்பாவா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார், அங்கிள்" என்றான்.

ஆவடியில் ஒரே பள்ளியில் அவர் கணக்கும் நான் தமிழும் நடத்தினோம். ஒரே திருச்சபை, ஒரே கமிட்டி. அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், எதையும் சட்டென்று நம்பமாட்டார். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் கவலைப்படமாட்டார். எல்லோரும் சரியாகப் போட்டுவிட்டால்தான் விடைத்தாள்களை மறுபடி எடுப்பார். "தப்பு ஆளுக்கொரு விதமா வரும் சார். ஒண்ணுபோல வாரதைத்தான் ரெண்டு தடவை பாக்கணும்" என்பார். நெல்லைப் பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. அடக்க ஆராதனையில் எல்லோரும் ஒரே குரலில் அவரைப் புகழ்ந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எனவே புகழாமல் ஒரு கிறிஸ்மஸ் காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ராப் சினிமாவுக்குள் வந்து, அங்கிருந்து கல்யாண மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. கல்லூரி முடித்திருந்த ஸ்டான்லி கரையான்சாவடியில் ஓர் இசைக்குழுவில் அதைப் பாடிப் பெயர் வாங்கினான். திடீரென்று ஒருநாள் குழுவை விட்டுவிட்டு, இயேசுவைப் பற்றி ராப் எழுதியிருப்பதாகவும், கேரல் ஆராதனையில் அதைப் பாட வேண்டும் என்றும் வந்து நின்றான். அவன் அம்மா சந்தோஷத்தில் அழுதார். அப்பா, "குரூப்புல ஏதும் சண்டையா லே?" என்று கேட்டார்.

"சண்டை ஒண்ணும் இல்லப்பா. மனசு மாறிட்டேன்."

"மனசு மாறுச்சா, மேடை மாறுச்சா?"

ஸ்டான்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "கோயில்ல பாட உடலேன்னா குரூப்புக்கே திரும்பப் போய்க்கினே இருப்பேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிடாதீங்க."

அவன் சும்மா மிரட்டுகிறவன் அல்ல. அந்த வாரக் கடைசியில் சார் என்னைக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு ஆங்கில கேசட்டுகள். ஒன்று ஊரெல்லாம் ஓடுகிற ராப், மற்றது கிறிஸ்தவ ராப். அட்டைகளை மறைத்துவிட்டு இரண்டையும் போட்டார். "எது கர்த்தருக்குப் பாடுனது, சொல்லும்."

மென்மையாக ஒலித்ததைக் காட்டினேன். தவறு. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டான்லி இரண்டுக்கும் பொருள் சொன்னான். ஒருவன், என் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்கிறான். மற்றவன், என் விசுவாசத்தை மிஞ்ச ஆளில்லை என்கிறான். சார் டேப்பை நிறுத்தினார்.

"முதல் ஆளு பெருமை அடிக்கான், பெருமைன்னு ஒத்துக்கிடுதான். ரெண்டாவது ஆளும் பெருமைதான் அடிக்கான், அதுக்குச் சாட்சின்னு பேரு வைக்கான்."

"எல்லாருமாப்பா அப்டி கீறாங்க?"

"எல்லாரும்னு நான் சொல்லல. நீ எந்த ரகம்னு கேக்கேன்."

ஸ்டான்லி எழுந்து வெளியே போய்விட்டான்.

எங்கள் சபையில் புதுப் பாட்டு என்றால் வரிகளைக் கமிட்டி கேட்டு ஒப்புதல் தர வேண்டும். செயலர் வேதபாடம் வாசிக்கும் அதே குரலில் ஸ்டான்லியின் வரிகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். உடனே சார் எழுந்து இன்னொரு தாளை நீட்டி, இதையும் வாசியுங்கள் என்றார். "நான் வருகிற வழியிலே எனக்கு நிகர் ஒருவனுமில்லை; என்னைக் கண்டவர்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள்" என்று செயலர் அதே குரலில் முடித்தார். பின்வரிசையிலிருந்து பொருளாளர் உரக்க, "ஆமென்!"

"இது எம்பையன் குரூப்புல இருந்தப்ப கல்யாண மண்டபத்துல பாடுன ராப்பு" என்றார் சார்.

சிலர் சிரித்தார்கள். பொருளாளர் சிரிக்கவில்லை. "விளையாடுறீரா ஓய்? உம்ம பையன் பாடக்கூடாதுன்னு சொல்ல வந்தீரா?"

"இல்ல, அவனையும் நான் நம்பல. ஆனா இந்த வாசிப்பையும் நம்பல. நம்ம காது குரலுக்கு ஆமென் போடுது. அவன் பாடுற மாதிரியே பாடட்டும். கேட்டுட்டுப் பேசுவோம்."

நெடுநேரம் முணுமுணுத்துவிட்டுக் கமிட்டி சம்மதித்தது.

கேரல் அன்று ஸ்டான்லி பாடினான். டிரம் அதிர்ந்தது. பெரியவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாலிபர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது பக்தியாகவும் பட்டது, கச்சேரியாகவும் பட்டது. இன்றுவரை எது என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வெளியே நண்பர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "மச்சான், பின்னிட்டடா!" என்று தோளைக் குலுக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சார் நுழைந்தார்.

"யாருக்காக லே பாடுன?"

கர்த்தருக்கு என்று அவன் சொல்லிவிடுவான், அதோடு அப்பாவும் மகனும் முறித்துக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன். ஸ்டான்லி கழுத்து வியர்வையைத் துடைத்தான்.

"தெர்லப்பா. ஆரம்பிக்கறப்ப அவருக்குத்தான். இவனுங்க கைதட்டுனதும் இவனுங்களுக்கு. அப்புறம் எது எதுன்னே தெர்ல."

"கர்த்தருக்குன்னு சொல்லியிருந்தேன்னா, குரூப்புக்கே போயிருன்னு சொல்லியிருப்பேன்" என்றார் சார். "அடுத்த வருசமும் பாடு. நானும் கேப்பேன்." பிறகு டிரம்மின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார். மறுபக்கத்தை ஸ்டான்லி பிடித்தான்.

அவன் இசைக்குழுவுக்குத் திரும்பவில்லை. பல கிறிஸ்மஸ்கள் பாடினான். ஒவ்வொரு முறையும் வாசலில் அதே கேள்வி காத்திருந்தது. ஒரு தடவையும் சுலபமான பதில் சொல்லி அவன் தப்பிக்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சபையில் ஜெபிக்கச் சொல்கிறார்கள். கண்ணை மூடி ஆரம்பிக்கிறேன். நாலு வாக்கியம் ஆனதும் என் குரல் எனக்கே இனிமையாகக் கேட்கிறது. அங்கே ஒரு கணம் நிறுத்தி, யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாமலேதான் மீதி ஜெபத்தையும் செய்கிறேன், கொஞ்சம் தணிந்த குரலில்.