முதல் எழுத்து மட்டும்

வேலைக்குப் போகும் வீடுகளில் மௌரீன் அழுததில்லை. கன்னட நாட்டில் தமிழர் நிறைந்த ஜோகுபாளையத்தில் பிறந்தவள். பள்ளியில் கன்னடம் படித்தாள். தமிழை ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டாள். கணவர் போன பிறகு முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். அதன்பின் எத்தனையோ பெரியவர்களைக் குளிப்பாட்டியும் ஊட்டியும் விட்டிருக்கிறாள். சிலருக்குக் கண்ணை மூடிவிட்டதும் அவள் கைதான். ஆனால் அவர்களால் முடிந்ததை அவர்களேதான் செய்ய வேண்டும். சட்டைப் பொத்தான் போட அரைமணி ஆனாலும் பக்கத்தில் நிற்பாளே தவிர, கை கொடுக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள் குறுக்கெழுத்தில் சறுக்கினாள்.

பக்கத்துத் தொம்மலூரில் சீனிவாசராகவனுக்குச் சொந்த வீடு. மாநில அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் நிருபமா புனேயில் இருந்தாள். காலையில் வரும் மௌரீன் பொழுது சாயும்போது இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். ராத்திரிக்கு ஆள் வைக்க அவர் ஒப்பவில்லை. மாநில எல்லையில் இருக்கும் அத்திபெலேயில் ஒரு முதியோர் இல்லத்தை மகள் பார்த்து வைத்ததும் வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

"என் மூளை சரியா இருக்கான்னுதானே உனக்குத் தெரியணும்? தினம் தமிழ்ப் பேப்பர்ல குறுக்கெழுத்து போடறேன், பார்த்துக்கோ. என்னிக்கு முடியலையோ அன்னிக்கு எங்க வேணா கொண்டு தள்ளு" என்றார் அவர்.

மகளும் சரி என்றாள். அன்றிலிருந்து காப்பி குடித்ததும் அவர் கட்டங்களை நிரப்புவார். மௌரீன் போனில் படம் பிடித்துப் புனேக்கு அனுப்புவாள்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது.

"மௌரீன், வார்த்தை வாசல் வரைக்கும் வந்து நிக்கறது, உள்ள வரமாட்டேங்கறது. 'கப்பல் நிற்கும் இடம்', அஞ்செழுத்து."

"து..."

"துறைமுகம்! நீ சொல்லாதே, நானே சொல்லிட்டேன்."

"ஆமா சார், நான் வாயே தொறக்கல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு எழுத்து போதாமல் இரண்டாயிற்று. தசரா நெருங்கும்போது முழுச் சொல்லையும் மௌரீனே சொல்லிக்கொண்டிருந்தாள். பேனாவைப் பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. அவளுக்குத் தெரியாத சொல்லுக்குக் கட்டம் காலியாகவே போகும். இந்த வீட்டை விட்டு நகர்த்தினால் மனுஷர் படுத்துவிடுவார் என்று மௌரீன் நினைத்தாள். அதனால் பேசாமல் இருந்தாள்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் காலையில் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. அடுப்பின் மேல் பால் பாத்திரம். திருகு திறந்திருந்தது, தீ இல்லை. மௌரீன் ஸ்விட்சைத் தொடவில்லை. திருகை மூடினாள், சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கூடத்தில் அவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், பால் வெச்சீங்களா?"

"நீதானே வெச்சே. என்னைக் கேக்கறே! வா, வா, நேரமாச்சுன்னா அவ போன் பண்ணிடுவா."

மௌரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'நலம்'. மூணெழுத்து" என்று வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"உஷார்" என்றாள்.

உடம்பு சரியில்லை என்றால் 'உஷாரில்ல' என்பது அவள் தெருவில் எல்லாரும் பேசுகிற பேச்சு. கன்னடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பழைய சீனிவாசராகவனாக இருந்தால் குதித்திருப்பார்: 'தமிழ்ல உஷார்னா எச்சரிக்கை. இங்க சுகம்னு வரணும். ஏன் ரெண்டையும் போட்டுக் குழப்பறே?' இன்று மறுபேச்சில்லாமல் எழுதினார்.

நடு எழுத்து வழியாக மேலிருந்து கீழே ஒரு சொல் இறங்கியது. 'இரவுக்கு எதிர்'. பகல் என்றாள். 'ஷா'வுக்கு மேலே 'ப' போட்டார், கீழே 'ல்' போட்டார். பிறகு விரல் வைத்து நிதானமாக வாசித்தார்.

"பஷால்." தலையை ஆட்டினார். "சரியா வந்துடுத்து."

மௌரீன் போனைக் கையில் எடுத்தாள். அடித்துத் திருத்தச் சொன்னால் திருத்துவார். இன்றைக்கு ஒப்பேறிவிடும், நாளைக்கும் ஒப்பேறும். சமையலறையில் நாற்றம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் எதையும் திருத்தாமல் படம் பிடித்து அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

"ஆன்ட்டி, பஷால்னா என்ன? அப்பாவா இப்படி எழுதினார்?"

"நான் சொன்ன தப்பு மேடம். உஷார்னு நான்தான் சொன்னேன். நேத்து போட்டதும் நான் சொன்னதுதான்."

"எப்பலேர்ந்து?"

"தசராவுக்கு முன்னாடியே."

"அதைப் பார்த்துட்டுத்தானே நான் தினம் நிம்மதியா ஆபீஸ் போறேன்! என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா. ஆனா இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. காலையில கேஸைத் தொறந்து விட்டுட்டு உக்காந்திருந்தாரு. இனிமே ராத்திரி தனியா விடக்கூடாது. நீங்க வர்றவரைக்கும் நான் இங்கயே படுத்துக்கறேன்."

நிருபமா வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை பேப்பரை அப்பா முன்னால் விரித்தாள்.

"ஆன்ட்டி, நீங்க உள்ள போங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மௌரீன் சமையலறையில் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"'தாயின் உடன்பிறந்தவன்', மூணெழுத்துப்பா. ரொம்ப ஈஸி."

நாற்காலி கிரீச்சிட்டது. சமையலறைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கிறார் என்று மௌரீனுக்குத் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் நறுக்கினாள்.

"அங்க என்னப்பா பார்க்கறே? யோசி."

அரைவாசி பீன்ஸ் நறுக்கி முடிந்தது.

"சரி, முதல் எழுத்து மட்டும் சொல்றேன். மா."

பேனா காகிதத்தில் உரசியது. அதோடு நின்றது.

"மாம..." என்றாள் மகள்.

மறுபடி பேனா உரசியது.

"மாமன்பா" என்றாள் நிருபமா.

சற்றுப் பொறுத்து நிருபமா உள்ளே வந்து மௌரீனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். நேற்றைய கோபம் முகத்தில் இல்லை. "இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

"இப்படித்தான்."

"அத்திபெலேக்குப் பேசட்டுமா?"

"பேசுங்க" என்றாள் மௌரீன். தன் வேலையும் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. "அங்க தமிழ்ப் பேப்பர் வருமா?" என்று கேட்டார்.

"ஓசூர் பக்கத்துலதானேப்பா. வரும்."

"அப்ப சரி" என்று செருப்பைத் தேடினார்.

கொண்டுபோய் விட்ட அன்று, அங்கே பொறுப்பாளராக இருந்த பாகீரதியிடம் மௌரீன் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். மாத்திரைகளைப் பிரித்துக் காட்டினாள். இடது முழங்கால் மடங்காது, அந்தப் பக்கம் நின்றுதான் எழுப்ப வேண்டும் என்றாள்.

"காலையில பேப்பரும் பேனாவும் கையில குடுத்துடுங்க. குறுக்கெழுத்துக் கட்டத்தை மடிச்சு மேல வெச்சுக் குடுங்க."

"கூட உக்காந்து அதெல்லாம் சொல்லிக் குடுக்க எங்களுக்கு ஏதுங்க நேரம்?"

"சொல்ல வேணாம். கேட்டா முதல் எழுத்து சொல்லுங்க, அவ்வளவுதான். கட்டம் காலியா கெடந்தா கெடக்கட்டும். நீங்க நிரப்பிடாதீங்க."