ராவைக்கு ஒரு தோணி

என்னை யாராவது தொட்டுத் தூக்கினார்கள் என்றால் அது கிளினிக் நாளில்தான். கிளினிக் எனக்கானது இல்லை. கைக்குழந்தைகளுக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கும் ஆனது. எனக்கு அப்போதே ஏழு வயது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மருதமரத்தில் மிஸ்ஸி தராசைக் கட்டத் தொடங்கினால் முதல் ஆளாக நான் நிற்பேன். குழந்தைகளை எல்லாம் நிறுத்து முடிந்த பிறகு, "வா மனே, ஒருக்கா தொங்கு பாப்பம்" என்று இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குவார். எங்கள் ஊரில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேண்டுமென்றே உடம்பைக் கனமாக்கிக்கொண்டு தொங்குவேன். நிறை கூடினால் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதிப்பார் என்று எனக்கு ஒரு கணக்கு.

பொதுச் சுகாதாரத் தாதி என்பது அரசாங்கக் கந்தோரில் அவருக்கு வைத்திருந்த பெயர். எங்களுக்கு மிஸ்ஸி. சூரியன் எழும்புகிற எழுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வருவார். நாங்கள் சூரியன் படுகிற படுவான்கரை. புத்தகத்தில் வாவி என்று எழுதியிருப்பதைத்தான் நாங்கள் ஆறு என்போம். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அதைக் கடக்கிற தட்டைப் படகுக்கு எங்கள் பக்கம் பெயர் பாதை. பொழுதுபட்டால் பாதை அக்கரையில் கட்டிக் கிடக்கும். அதன்பிறகு விடியும்வரை எங்களுக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, டவுனும் இல்லை.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா விடியற்காலை வெள்ளாப்பில் வட்டைக்குப் போனால், அதாவது வயலுக்குப் போனால், மத்தியானம் சோற்றுக்கு ஒருதரம் தலையைக் காட்டுவார், பிறகு இருட்டுப்படத்தான் வருவார். வந்தாலும் பேச்சு இல்லை. சோறு வேலிக்கு அங்கால் பெரியம்மா வீட்டில். பெரியம்மா நல்லவர்தான், ஆனால் அவருக்குச் சொந்தத்திலேயே ஒரு பட்டாளம் இருந்தது. ஊரில் என்னைக் கண்டால் எல்லாருக்கும் முகம் ஒரு மாதிரியாகிவிடும். தலையைத் தடவ வருவதுபோல் கையை நீட்டுவார்கள், எதையோ நினைத்துக்கொண்டு எடுத்துவிடுவார்கள். அம்மாவின் பேச்சை என் முன்னால் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. செத்தவர்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு கிளினிக் நாள் மத்தியானம் மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் நின்று காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

"எத்தினை தரம் சொல்லிட்டன். ராவைக்கு ஒரு எஞ்சின் தோணி இஞ்சால நிக்க வேணும் எண்டு. நான் சொன்னா கந்தோரில ஆருக்கும் ஏறுதில்ல. புள்ளையக் கூட்டிக்கொண்டு போகட்டா?"

அப்பா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். பிறகு தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அது எனக்குக் கேட்கவில்லை. "சத்தியமா கதைக்கமாட்டன்" என்றார் மிஸ்ஸி.

"அப்ப கூட்டிக்கொண்டு போங்க."

தோணியைப் பற்றி எனக்கு என்ன கவலை? கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதற்கு முந்திய கிளினிக்கில்தான் மிஸ்ஸி என் தலையில் பேன் பார்த்தபடியே, "நீ என்ட புள்ளையா இருந்திருந்தா மொட்டை அடிச்சிருப்பன்" என்று சொல்லியிருந்தார். அந்த 'இருந்திருந்தா'வை நான் பெரிதாக எடுக்கவில்லை. மொட்டைக்கும் எனக்குச் சம்மதம்தான். இரண்டு சட்டை, பல்லுத் தீட்டுற பிரஷ், அம்மாவின் சீப்பு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடைத்தேன்.

குறித்த நாள் காலை பாதையில் ஏறும்போது, "இதென்ன பை?" என்றார் மிஸ்ஸி. சட்டை என்றேன். என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார்.

டவுனில் ஒரு கந்தோரின் பெரிய அறை. நீட்டு மேசையைச் சுற்றி ஆட்கள். டீசலுக்குக் காசில்லை என்றார் ஒருவர். இரவில் தோணியோட ஆள் பிடிக்க முடியாது என்றார் இன்னொருவர். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மிஸ்ஸி ஒரேயொரு தரம், "வயித்துப்புள்ளைக்காரிகளுக்கு ராவைக்கு ஒரு தோணி வேணும் சேர்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. தலைமையில் இருந்த பெரியவர் ஒரு பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார்.

"மகள் ஆரோட வந்த?"

"மிஸ்ஸியோட."

"அம்மா வரல்லயா?"

என்னிடம் இதை யாருமே கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனால் கேட்க மாட்டார்கள். ஒரு ஆள் கேட்டதே எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாயில் பிஸ்கட்டோடு சொன்னேன். "அம்மா இல்ல. தம்பி பிறக்க எண்டு வயிறு நொந்த. பாதை அந்தப் பக்கம் கட்டிக்கிடந்த. அப்பா கரையில நிண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். மறுகா விடிஞ்சிட்டு."

டீசல்காரர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். மிஸ்ஸி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தட்டு முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டார். சரியாகப் பதில் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்தேன். கிறீம் பிஸ்கட் வேறு. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

பின்னேரம் மறுபடி பாதை. சூரியன் முகத்தில் அடித்தபோதுதான் எந்தப் பக்கம் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. "உங்கட வீடு அங்காலயெல்லோ?" என்று கேட்டேன். "ஓம் மனே" என்றார். என் பையை வாங்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பார்த்தால் அழுகிறார். ஏமாற்றியது அவர், அழுவதும் அவரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கரை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

மாரிக்கு முன்னமே தோணி வந்துவிட்டது. நீலப் பெயின்ற் அடித்து எங்கள் துறையில் கட்டியிருந்தார்கள். பெரியம்மாவின் கடைசி மகன் அதில் போய்ப் பிறந்தவன்தான். மிஸ்ஸிக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது. பிறகு வந்த மிஸ்ஸியும் நல்லவர்தான், ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை நிறுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

டவுனுக்குப் போய்த் திரும்பிய அன்றைக்குத் துறையில் அப்பா காத்துக்கொண்டு நின்றார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுப் படலையைத் திறக்கும்போது, திரும்பிப் பாராமல், "மிஸ்ஸி அங்க அம்மாவப் பத்தி ஏதும் கதைச்சவவா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "மிஸ்ஸி ஒண்டும் கதைக்கல்ல."

"சொன்ன சொல்லுக்கு நிண்டிட்டா" என்று தலையாட்டினார். நான் உள்ளே போய்ச் சீப்பை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வேறு யார் கதைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.