வெர்லா மூடிய கேட்

எங்கள் மன்டானா பக்கத்தில் அறுபத்திரண்டு வயதில் முதல் சைக்கிள் வாங்கியவள் வெர்லா ஹாகன் ஒருத்திதான். பக்கத்துப் பண்ணைக்காரி, பக்கம் என்றால் பதினோரு மைல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்குக் கைவிட்டுக் கன்றை இழுப்பாள். ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் மட்டும் அவளுக்கு மண்டை வெடித்துவிடும்.

கோடையில் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் மண்சாலையில் போகிறவர்களை மறித்து நிறுத்துவாள். "ராத்திரி எங்க படுப்பீங்க? கரடி வந்தா? இவ்வளவு தூரம் உக்காந்தே வந்தா பின்பக்கம் கடுக்காதா?"

எனக்கோ அவர்களைக் கண்டாலே எரிச்சல். திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடி, மூடியிருப்பதை மூடியபடி விட்டுப் போகவேண்டும். இதுகூடவா மண்டையில் ஏறாது?

ஜூலையில் ஒரு காலை, வெர்லாவே சைக்கிளோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"உன் நிலத்து வழியா போய் ஓடையோரம் கூடாரம் போடப்போறேன், ஆரின்."

"ஏன், உன் வீட்ல கட்டில் உடைஞ்சிடுச்சா?"

"கிண்டல் பண்ணாதே. நாப்பது வருஷமா இந்த மண்ணை வண்டிக் கண்ணாடி வழியாவே பாத்திருக்கேன். அவங்க அப்படி என்னத்தைப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சாகணும்."

"என்னமோ செய். முட்டி பேந்தா என்னைக் கூப்பிடாதே."

அன்று வெயில் கொளுத்தியது. மேட்டு மேய்ச்சலில் தொட்டி வற்றிப்போயிருந்தது. மாடுகள் ஓடைக்கு இறங்கட்டும் என்று விடிந்ததுமே கீழ்க்கேட்டைத் திறந்து போட்டிருந்தேன். தொண்ணூறு பசுக்கள், எல்லாம் கன்றோடு. பிறகு நான் புல் அறுக்கப் போய்விட்டேன்.

அப்புறம் நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். வழியில் ஏழு வகைப் பூ பார்த்தாளாம், வண்டியிலிருந்து ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லையாம். ஓடையோரம் கூடாரம் அடித்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பீன்ஸ் தின்றாள். மாடுகள் தண்ணீருக்கு வரும், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா பார்க்கலாம் என்று காத்திருந்தாள். ஐந்து மணியானது, ஆறானது. ஒரு மாடும் வரவில்லை. ஏன், ஏன் என்று குடைந்தவளுக்குத் திடீரென்று பிடிபட்டது. மேட்டிலிருந்து இறங்கியபோது, எதிலோ பராக்குப் பார்த்துக்கொண்டே, திறந்து கிடந்த கேட்டை இழுத்து மூடிக் கம்பி வளையத்தையும் மாட்டிவிட்டிருந்தாள். நாற்பது வருடக் கைப்பழக்கம்! வெளியூர்க்காரனுக்கு இந்தத் தப்பு வரவே வராது.

கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டு, நாலு மைல் மேட்டில் மிதித்திருக்கிறாள்.

வீடு திரும்பிய நான் மாடுகள் கத்துவதைக் கேட்டு வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். கேட் திறந்திருந்தது. மாடுகள் முட்டி மோதி இறங்கிக்கொண்டிருந்தன. வெர்லா புழுதியில் உட்கார்ந்து, விழுந்து கிடந்த ஒரு கன்றின் வாயில் தன் பாட்டில் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருந்தாள். அதன் கண் செருகியிருந்தது. நான் கத்தினேன்.

"அந்த சைக்கிள்காரப் பசங்கதான்! கையில சிக்கட்டும், தோலை உரிக்கிறேன்!"

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

"நான்தான் மூடினேன், ஆரின்."

"நீயா?"

"நானேதான். உரி."

வண்டியிலிருந்த தண்ணீர்க் கேனை எடுத்து வந்து அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் கழித்துக் கன்று விழுங்கியது, தலையைத் தூக்கியது, தட்டுத்தடுமாறி எழுந்து தாயைத் தேடி நடந்தது. அப்பாடா!

வெர்லா புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணு கேக்கவா?"

"வேண்டாம்னா விடவா போறே?"

"போன வருஷம் இதே கேட்டை மூடிட்டாள்னு சைக்கிள்ல வந்த ஒரு பொண்ணை அழவெச்சு அனுப்பினியே. அன்னைக்கு அவளுக்கு முன்னாடி இந்த வழியா யாரு வந்தா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன்.

"மாடு நக்குற உப்புக்கட்டி இறக்க நான் வந்தேன்" என்றேன்.