சுவர்க் கதவும் முதலை ரொட்டியும்

எங்கள் ஊர் ராவா ஜம்புவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், மூட்டை முடிச்சை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் எதிரே ரொகாயா அக்கா நிற்பாள்.

"எத்தனை பேரு? புள்ளைங்க உண்டா? குப்பை வண்டி செவ்வாயும் வெள்ளியும் வரும். சாக்கடையில சோத்தைக் கொட்டுனீங்க, நானே அள்ளிட்டு வந்து உங்க வாசல்ல வைப்பேன். ஆமா, சாப்பிட்டாச்சா?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்பாள். பதில் வருவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் எங்கள் தெருத் தலைவி. பெயர்தான் பெரிது, வருமானம் பூஜ்யம். கொசுப்புகை அடிக்க ஆள் கூப்பிட வேண்டுமா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, மையத்து விழுந்த வீட்டுக்கு நாற்காலி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அக்காதான். நான் நூர்லேலா. தெருமுனையில் கிலோ கணக்கில் துணி துவைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அக்கா ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது என் கடைக்குள் நுழைந்து, தண்ணீர் குடித்து, யாரையாவது திட்டிவிட்டுப் போவாள்.

ஜகார்த்தாவிலிருந்து ரயில் எங்கள் பக்கம் அடிக்கடி வர ஆரம்பித்ததும், மழைக்கு முளைத்த காளான் மாதிரி ஜனம் பெருகிவிட்டது. காலி மனையில் வீடு, வீட்டின் தலையில் வாடகை அறை, அறைக்கு முன்னால் கடை. ஆளாளுக்கு உட்கார்ந்து பழைய கொய்யாத் தோப்பை நினைத்து மூக்கைச் சிந்துவார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"தோப்பு இருந்தப்போ பாம்பும் இருந்துச்சு, பசியும் இருந்துச்சு. அதை ஏன்டா யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க? மனுஷன் வந்தா சோறு வரும். வரட்டும் விடு" என்பாள்.

அந்தத் தோப்புகளை வாங்கித்தான் ஹாலந்துத் தோட்டம் கட்டினார்கள். எங்களுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே, நீள நெடுக மதில் சுவர் வைத்த குடியிருப்பு. முன்வாசலில் ஒரு காற்றாலை. கட்டிய நாளிலிருந்து அது ஒரு சுற்றுகூடச் சுற்றியதில்லை. எங்கள் பழைய வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசி, இரண்டு வாத்தை மிதக்கவிட்டு, 'கால்வாய்க் கரை வீடுகள்' என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். வாத்து எங்கள் நயிம் அண்ணனுடையது. இன்றைக்கு வரை அவர் கேட்கிறார், அவர்கள் கொடுத்தபாடில்லை.

தோப்புகளை விற்கும்போதே எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. சுவர் வந்துவிட்டால் ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எப்படிப் போவது? ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற ஒற்றைச் சாலையில் காலையில் மாட்டினால் உச்சி வெயிலில்தான் வெளியே வரலாம். "சுவர்ல ஒரு கதவு விடுவோம்" என்று தோப்பை வாங்க வந்தவன் வாயால் சொன்னான். எழுத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் புதிதாகத் தலைவியாகியிருந்த அக்கா தெரு நடுவில் நின்று, "வழி இருக்கும். இல்லேன்னா என்னை வந்து கேளுங்க" என்றாள். அவள் வார்த்தையை நம்பித்தான் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கதவும் வந்தது. ஒரு ஆள், ஒரு சைக்கிள் போகிற அளவுக்குச் சின்ன இரும்புக் கதவு. அது வழியாகத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெரியவர்கள் ரயிலுக்கு ஓடினார்கள், எங்கள் பெண்கள் அந்தப் பக்கத்து வீடுகளில் சமைக்கப் போனார்கள். என் துணி மூட்டைகளும் அப்படித்தான்.

போன வருஷம் அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்குப் பிரஸ்தியோ என்று புதுத் தலைவர் வந்தார். மொத்தமான மீசை. காலையில் ஓட்டம் ஓடுகிறவர். வந்த கொஞ்ச நாளில் அங்கே இரண்டு மூன்று தலைக்கவசம் காணாமல் போனது. எவன் எடுத்தானோ, அல்லாவுக்குத்தான் தெரியும். அவர் என்ன செய்தார்? இரும்புக் கதவில் ஒரு பலகை மாட்டினார். வருகிற ஞாயிறு காலை எட்டு மணியோடு இந்த வழி செங்கல் வைத்து அடைக்கப்படும்.

பலகையைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. யார் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்றாள். நேராகப் போய் அவரிடமும் பேசினாள். நானும் கூடப் போனேன்.

"சார், ராத்திரியில பூட்டிக்குங்க. வேணும்னா எங்க ஆளுங்க ரெண்டு பேரு உங்க காவக்காரனோட உக்காருவாங்க. பகல்ல அடைக்காதீங்க."

"உங்களுக்கு ஒரு பாதை விட்டா நாளைக்கு ஊரே வரும்மா."

"ஊரு ஏற்கெனவே வந்துடுச்சு சார். உங்க வீட்டுச் சோறே எங்க ஊருப் பொண்ணு ஆக்கினதுதான்."

"முடிவு பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை எட்டு மணி."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய கால்சட்டைகளையெல்லாம் கஞ்சி போட்டு விறைக்க வைத்துவிடலாமா என்று தோன்றியது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"லேலா, அந்த ஞாயித்துக்கிழமைதான்டி என் புள்ள கலியாணம்."

இதை நான் எப்படி மறந்தேன்! அவளுடைய ஒரே மகன் ஜெய்லானி அந்தக் குடியிருப்பில் இணையக் கம்பி இழுக்கிற வேலை பார்த்தான். கம்பி இழுத்த வீடுகளில் ஒன்றில் வுலான் இருந்தாள். இரண்டு வாரத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் நாலு தடவை கம்பி பழுதானது. மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பெண்ணின் அப்பா சுகியோனோ ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜாவாக்காரர், தங்கமான மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அது புரிந்த சரியா, புரியாத சரியா என்று அவர் மனைவிக்கே தெரியாது.

நிச்சயத்தன்று நயிம் அண்ணன்தான் அவருக்கு எங்கள் பெத்தாவி இனத்துக் கலியாண வழக்கத்தைச் சொன்னார். நயிம் அண்ணன் சிலாட் அடிமுறை வாத்தியார், மாப்பிள்ளை வீட்டு வீரர்.

"மாப்பிள்ளை பாட்டுக்கு உள்ள வந்துட முடியாதுங்க. பொண்ணு வீட்டு வீரன் ஒருத்தன் கறுப்புச் சட்டை, சிவப்புத் துண்டு போட்டுக்கிட்டு வழியை மறிக்கணும். யாரு நீ, எங்கேர்ந்து வர்றே, கையில என்னன்னு அதட்டணும். நாங்க பாட்டாலயே பதில் சொல்லுவோம். அப்புறம் ஒரு சண்டை. தோத்தவன் கதவைத் திறந்து விடணும். அதுலேர்ந்து ரெண்டு வீடும் ஒண்ணு."

"சரிங்க" என்றார் சுகியோனோ.

மறிக்கிற ஆளைப் பெண் வீடு ஏற்பாடு செய்யும் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ, வழக்கம் தெரிந்தவர்கள் நாங்கள்தானே, ஆளையும் நாங்களே கூட்டி வருவோம் என்று நினைத்துக்கொண்டார். ஆக, ஆளே இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்னாலேயே கதவைத் தாண்டிவிட வேண்டும் என்பது அக்காவின் திட்டம். கலியாணத்தில் யார் மனமும் சுருங்கக்கூடாது என்று, செங்கல் விஷயத்தில் என்னைத் தவிர யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. 'பாத்துக்கலாம்' என்றாளே, பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெருவும் சும்மா இருந்தது. ஆனால் கலியாண வீடு என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? சீர்வரிசையில் முக்கியமே ஜோடி முதலை ரொட்டிதான். தட்டில் ஏற்றும்போது ஆண் முதலையின் வால் ஒடிந்துவிட்டது. முதலை ஆயுசுக்கும் ஒரே ஜோடியோடு வாழும், அது போலப் பிள்ளைகள் வாழட்டும் என்றுதானே ரொட்டி! வாலில்லாத முதலையை எப்படிக் கொண்டுபோவது? ஈர்க்குச்சி குத்தி ஒட்ட வைப்பதற்குள் அக்கா தெருவுக்கும் வீட்டுக்குமாய் அலைந்து தீர்த்தாள்.

கிளம்பினோம். முன்னால் ரெபானா மேளம், பின்னால் சரவெடி, நடுவில் வேர்த்து விறுவிறுத்துப்போன ஜெய்லானி. தெருவே வந்தது. கதவுப் பக்கம் திரும்பியதும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் செங்கல் குவித்து, கொத்தனார் கலவை போட்டுக்கொண்டிருந்தார். கதவு நடுவில் பிரஸ்தியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஓட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். மேலிருந்து கீழ் வரை கறுப்பு உடுப்பு. கழுத்தில் வியர்வை துடைக்கிற சிவப்புத் துண்டு. அவர் முகம் தெரிந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் ரொம்பக் குறைவு.

"நில்லுங்க!" என்று கத்தினார். "யாரு நீங்கள்லாம்? எங்கேர்ந்து வர்றீங்க? கையில என்ன?"

மேளம் நின்றது. அப்புறம் எங்கள் கூட்டம் மொத்தமும் "ஓஓ!" என்று ஆர்ப்பரித்தது.

"மாஷா அல்லா! பொண்ணு வீட்டுக்காரங்க புடிச்சாலும் புடிச்சாங்க, என்னா ஆளுடா!" என்றார் நயிம் அண்ணன். இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"மாங்கா பறிக்கப் போனேன், மரத்துல எறும்பு கடிக்குது. மாப்பிள்ளை கூட்டியாந்தேன், வாசல்ல மீசை தடுக்குது!"

சிரிப்பு வெடித்தது. பிரஸ்தியோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னய்யா கிண்டலா? ஒருத்தரும் உள்ள வர முடியாது! எட்டு மணி தாண்டியாச்சு!"

"கோபத்தைப் பாரு, நிசம் மாதிரியே இருக்குடா!" என்று பின்னாலிருந்து எவனோ விசிலடித்தான்.

"குளத்துல போட்ட தூண்டில கெண்டை வந்து சிக்குது. கலியாணத்துக்கு வந்த புள்ள கதவுக்கு வெளிய நிக்குது!" என்று நயிம் அண்ணன் அடுத்ததை எடுத்துவிட்டார்.

சத்தம் கேட்டு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தூக்கக் கலக்கத்தோடு, கையில் போனோடு. பிரஸ்தியோவின் மனைவியும் வந்தாள். எவனோ அவசரக்குடுக்கை சரவெடியைக் கொளுத்திவிட்டான். காவல்காரன் சர்மின் செங்கலுக்குப் பின்னால் பதுங்கினான். நயிம் அண்ணன் காற்றில் காலை வீசி, சுழன்று, பிரஸ்தியோவின் மூக்குக்கு நேரே கையைக் கொண்டுபோய் நிறுத்தினார். மனுஷன் பதறி இரண்டு கையையும் தூக்கினார், பின்னால் நகர்ந்தார், மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கைதட்டல். நயிம் அண்ணன் குனிந்து, மரியாதையாக அவர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

பிரஸ்தியோ எழுந்து வாயைத் திறப்பதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு போனதால் காதில் விழுந்தது.

"சார், இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்களைப் பொண்ணு வீட்டு ஆளுன்னு நினைச்சிட்டாங்க. இல்லேன்னு நீங்க சொன்னா இது சண்டை. ஆமான்னு சொன்னா இது கலியாணம். உங்க வாயிலதான் இருக்கு." குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

அவர் அக்காவைப் பார்த்தார். முதலையைப் பார்த்தார். வால் மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது. போன்களைப் பார்த்தார். அவர் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, தோத்தாச்சுல்ல? பாட்டுப் பாடி வழிய விடுங்க!" என்று கத்தினாள். பாடு, பாடு என்று பிள்ளைகள் கூச்சல் போட்டன.

மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மீசை முதலில் அசைந்தது.

"காலையில ஓடப் போனேன்... ம்... செருப்பு வாரு அறுந்துச்சு. கலியாண மேளம் கேட்டுச்சு... கதவு தானா திறந்துச்சு!"

"ஓடப் போறவன் எவன்டா செருப்புப் போடுவான்!" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு அவரே முதலில் சிரித்துவிட்டார். கதவு திறந்தது.

நிக்காஹ் முடிந்து விருந்து நடந்தது. பிரஸ்தியோவைப் பெண்ணின் சித்தப்பா என்றே எங்கள் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவரும் மறுக்கவில்லை. சுகியோனோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆட்டுக்கறி பரிமாறினார். யாரோ "இவரு உங்க தம்பியா?" என்று கேட்க, "சரிங்க" என்றார். அப்போது கொத்தனார் உள்ளே வந்தார்.

"சார், கலவை காயுது. அடைச்சிடட்டுமா?"

நயிம் அண்ணன் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் தண்ணீர்க் குடுவையோடு நின்றாள்.

பிரஸ்தியோ எலும்பைத் தட்டில் வைத்தார்.

"சம்பந்தி வீட்டு வழியை எவனாவது அடைப்பானா? அந்தக் கதவுகிட்ட ஒரு பள்ளம் கிடக்கு, கலவையைக் கொண்டுபோய் அதுல கொட்டு. பாவம், பள்ளிக்கூடப் புள்ளைங்க தடுக்கி விழுது." பிறகு அக்காவிடம், "ராத்திரிக் காவலுக்கு ரெண்டு பேருன்னீங்களேம்மா, மறந்துடாதீங்க" என்றார்.

அக்கா தலையாட்டினாள். குடுவையை என் கையில் திணித்துவிட்டுச் சமையல் கட்டுக்குப் பின்னால் போனாள். நான் போய்ப் பார்த்தபோது பாத்திரங்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமும் லேலா, யாராவது வந்து, எங்கேடி வழின்னு கேட்டுடுவாங்களோன்னு பயந்துகிட்டே இருந்தேன்டி. இனிமே கேக்க மாட்டாங்கல்ல?"

"கேக்க மாட்டாங்கக்கா" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இருவரும் அழுது முடித்து, அடுப்பில் மிச்சமிருந்த கறியைச் சட்டியோடு வழித்துத் தின்றோம்.

இப்போது ஊருக்குத் தெற்கே இன்னொரு குடியிருப்பு எழும்புகிறது. அங்கே வாசலில் ஜப்பான் கோபுரம் வைக்கப்போகிறார்களாம். சந்தைக்குப் போகிற வழி அந்தப் பக்கம்தான். சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. நேற்று அக்கா கடைக்குள் நுழைந்து, தண்ணீர் குடித்து, யாரையும் திட்டாமல் நின்றாள். உள்ளே என் மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன்டி லேலா, இவளுக்கு இப்ப என்ன வயசு ஆவுது?"