கவிழ்த்து வைத்த கல்

முதலில் விசில், அப்புறம்தான் வசவு.

"இறங்குப்பா கீழ! உங்க வீட்டு மொட்டைமாடியா அது?"

கல்லறையின் இரண்டாம் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஷீராஸ் இளைஞன் குதித்து இறங்குகிறான். அவன் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல்களை சஃப்தர் குனிந்து பொறுக்கித் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்கிறார்.

ஈரானின் பழைய தலைநகரான பசர்கதேயின் இடிபாடுகளில் இருபத்திரண்டு வருடமாக இவர்தான் காவலர். அறுபது நெருங்கிவிட்டது. முழங்கால் எவ்வளவு கடுத்தாலும் ஒரு தூணில் சாய மாட்டார். சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, நின்றபடியே தேநீர் குடிப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனால் இந்தக் கல்லறைக்குரிய, பாடப்புத்தகங்கள் சைரஸ் என்று எழுதும் கூரோஷ் மன்னனைப் பற்றி ஆரம்பித்தால் ஆளை நிறுத்த முடியாது.

"ஆடு மேச்ச கூட்டத்துத் தலைவர்யா. மேதியரை அடிச்சாரு, லிதியாவைப் பிடிச்சாரு, பாபிலோன் சண்டையே போடாம கதவைத் திறந்து விட்டுச்சு. போன எடத்துல எல்லாம் அவங்கவங்க சாமியை அவங்கவங்களுக்கே விட்டாரு. எவன் சமாதி மேலயும் கை வைக்கல." இந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும். கேட்பவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். "இருநூறு வருஷம் ஆண்டாங்க. மிச்சம் இந்த நாலு கல்லு. அதையாவது விட்டு வைங்களேன்டா."

மனைவி கோல்அந்தாமுக்கு இந்தக் கல் பேச்சே ஆகாது. "எனக்குச் சக்களத்தி மனுஷியா இருந்தாக்கூட முடியப் புடிச்சு இழுத்திருப்பேன். பாறாங்கல்லா வந்து வாய்ச்சிருக்கு" என்பாள்.

கூரோஷின் இடிந்த அரண்மனைக் கற்கள் இந்த ஊரில் இல்லாத இடமில்லை. ஆட்டுக் கொட்டில் சுவரில், வாசல்களில், இடுகாட்டில் என்று தலைமுறை தலைமுறையாக இழுத்து வந்தவை. எட்டு வருடத்துக்கு முன் சஃப்தர் தன் பால்ய நண்பன் கைபரின் வாசற்படியும் அரண்மனைக் கல்தான் என்று தொல்லியல் அலுவலகத்தில் சொல்லிவிட்டார். லாரி வந்து படியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து கைபர் இவரைக் கண்டால் எதிர்ப்பக்கமாக நடந்துவிடுகிறான். வேலை என்றால் வேலைதான் என்று சஃப்தர் வெளியில் விறைப்பாகச் சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

காரணம் அவருடைய மகள். இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலத்தில், ஷீராஸுக்குப் போகும் சாலை மூடிக் கிடந்தபோது, ஏழு வயது கோல்நார் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அப்போது இவர் காவலர் இல்லை, கூலியாள். தலைமாட்டுக்கு ஒரு கல் வாங்க வழியில்லை. இவரும் கைபரும் கழுதையைக் கட்டி, அரண்மனைப் பக்கம் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றை இழுத்து வந்தார்கள். ஒரு முகத்தில் ஆணியால் கொத்தியதுபோல் மூன்று வரியாக ஏதோ கீறல்கள். உடைசல் என்று நினைத்து அந்த முகத்தை மண்ணில் கவிழ்த்தார்கள். வழவழப்பான மேல்பக்கத்தில் மகளின் பெயரைச் சஃப்தரே உளியால் வெட்டினார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நிற்கும் தூண் ஒன்றில் அதே மூன்று வரிக் கீறலைப் பார்த்தார். அதிகாரி படித்துக் காட்டினார்: 'நான் கூரோஷ், அரசன்.' அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கல்லைத் திருப்பினால் மகளின் பெயர் போய்விடும், சொன்னால் வேலையும் போய்விடும். வாயைத் திறக்கவில்லை.

போன மாதம், இடுகாட்டிலிருக்கும் அரண்மனைக் கற்களைத் திரும்ப எடுப்பதற்காகக் கணக்கெடுக்க மஹ்னாஸ் என்ற பெண் பொறியாளர் வந்தார். பழைய கல் எது, புதுக் கல் எது என்று காட்ட சஃப்தரைத்தான் கூப்பிட்டார். பாட்டன் பூட்டன் கற்களையெல்லாம் இவர் விரல் நீட்டிக் காட்டினார். பறிகொடுக்கப்போகிறவர்கள் சுற்றி நின்று முணுமுணுத்தார்கள். கைபரும் நின்றான்.

"இது?" கோல்நாரின் கல்லருகே பொறியாளர் நின்றார்.

சஃப்தர் நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"அது ஆத்துல கெடந்த கல்லும்மா" என்றான் கைபர். "நாந்தான் எடுத்தாந்து குடுத்தேன். செத்துப்போன புள்ளையோடது, விட்டுருங்க."

எட்டு வருடமாகப் பேசாத வாய் அது. சஃப்தர் அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால், காட்டிக் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல, இஞ்சினியர் அம்மா. அரண்மனைக் கல்லு. நான் திருடுனது. எழுத்து அடியில இருக்கு."

"லூசாடா நீ?" என்று கைபர் பல்லைக் கடித்தான்.

"ஒன் வாசப்படிய எடுத்தேன்ல. கடப்பாறையக் கொண்டா."

இருவருமாகத்தான் நெம்பினார்கள். கல் புரண்டது. பொறியாளர் கல்லைப் பார்க்கவில்லை, அடியில் தெரிந்த மண்ணைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் அழுந்தி இறுகிய களிமண்ணில் மூன்று வரிகளும் இடவலம் மாறி, ஓர் எழுத்துப் பிசகாமல் பதிந்திருந்தன. பிள்ளையின் மேலே அரசனின் பெயர்.

"ஐயோ, யாரும் கிட்ட வராதீங்க! ஐயா, நகருங்க, படம் எடுத்துக்கறேன். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல!" அவர் கேமராவுக்குப் பையைத் துழாவினார்.

சஃப்தர் மண்டியிட்டார். தோளில் தொங்கிய தண்ணீர்க் குப்பியைத் திறந்து மண்ணில் ஊற்றினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும், அடுப்படி மெழுகுவதுபோல் நிதானமாக, மூன்று வரியையும் தேய்த்து அழித்தார்.