பந்தை அழுத்தாதவர்

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம், தகரம் அடிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் என் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். கை உள்ளே போகாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கவேண்டுமென்று சூப்பர்வைசர் ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகி, அது அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்.

எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த ஒரு அம்மா என் கையை உருக்கிய மெழுகில் முக்கியெடுத்து, சூடு ஆறுவதற்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். வலியில் கண் இருட்டிக்கொண்டு வரும்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கும் வேறொரு கம்பெனியில் இதே கதி. அந்த அம்மா பார்க்கும்போது மட்டும் இவர், விரல் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்துவார். அந்த அம்மா நகர்ந்ததும் மடியில் போட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாண்ணே, கை சரியாவ வேணாமா?" என்று கேட்டேன்.

"சரியாயிட்டா திரும்ப அதே மெஷின்லதான நிக்க வைப்பானுங்க," என்றார்.

சோம்பேறி என்று மனதுக்குள் திட்டிவிட்டு, என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெறியோடு பந்தை அழுத்தினேன்.

ஒருநாள் கையை முழுதாக மூட முடிந்தது. அந்த அம்மாவுக்கு என்னைவிட சந்தோஷம். மறுநாளே ஷிப்டுக்குப் போனேன். அதே பிரஸ். பழைய மரத்துண்டு தேய்ந்துபோய், புதிதாக ஒன்றைச் செதுக்கிச் செருகியிருந்தார்கள். சூப்பர்வைசர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"நல்லாதான் கீது. நில்லு," என்றார்.